கபூல் என்ற ஒரு சொல்

தாராவி 90 அடி சாலையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸில் வரும் காசு கரண்ட் பில்லுக்கே சரியாகிவிடும். பிழைப்பு ஓடுவது விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதில்தான். ஆதார் திருத்தம், ரேஷன் அட்டை என்று எத்தனையோ வரும்; ஆனால் சமீப காலமாக அதிகம் வருவது போலீஸ் சரிபார்ப்புச் சான்றுக்கான விண்ணப்பம். கட்டட வாசலில் காவலுக்கு உட்காரவும் அது வேண்டும், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கவும் அது வேண்டும்.

போன வாரம் இட்லிக்கார அக்கா மகனோடு வந்தார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர். ஆறு மணிக்குள் அந்த அலுமினியப் பாத்திரம் சைக்கிளில் ஏறி சயான் பக்கம் போய்விடும். பையனுக்கு விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை கிடைத்திருக்கிறதாம். "சீக்கிரம் போட்டுக் கொடுங்கள் அண்ணாச்சி" என்றார். பெயர், முகவரி எல்லாம் தட்டிக்கொண்டே வந்தேன். "குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்ற கேள்வி வந்ததும் பையன் தரையைப் பார்த்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் பொதுக் கழிப்பறைக்குப் பின்னால் நண்பன் ஒருவனோடு ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தபோது பிடிபட்டிருக்கிறான். இரவு லாக்கப், மறுநாள் நீதிமன்றம். "கபூல் (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) என்று சொல்லிவிடு, சாயங்காலம் வீட்டில் இருப்பாய். இல்லையென்றால் தேதி, தேதி என்று அலைய வேண்டும்" என்று கூட வந்த காவலர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் கூலி போகும். வக்கீலுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பையன் "கபூல்" என்றான். அக்கா சீட்டுப் பணத்தை எடுத்து 5,000 ரூபாய் அபராதம் கட்டினார். அதோடு முடிந்தது என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்.

கஞ்சாவுக்காக நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் கிளம்ப வேண்டாம். கடைப் படியில் உட்கார்ந்து புகைத்த பயல்களைத் தண்ணீர் ஊற்றி விரட்டியவன் நான். என் கோபம் வேறு.

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டப்படி கஞ்சா புகைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுவாக எழுதப்பட்ட சட்டம்தான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பையன் எங்கே போய்ப் புகைப்பான்? கழிப்பறைக்குப் பின்னால், தண்டவாள ஓரம், பாலத்தடி. பாந்த்ராவில் பன்னிரண்டாவது மாடியில் பால்கனி வைத்திருப்பவனும் அதே பொருளைத்தான் புகைக்கிறான். அவன் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காரணம் வேண்டும். இவனுக்குத்தான் கதவே இல்லையே. (ஹோலிக்கு பாங் குடித்துவிட்டு ஆடுவதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அதே செடிதான். இலையை மட்டும் அரைத்தால் இந்தச் சட்டத்தில் வராது.)

இது என் கடைவாசல் கதை மட்டுமல்ல. 'விதி சட்டக் கொள்கை மையம்' என்ற ஆய்வு நிறுவனம் 2017, 2018 ஆண்டுகளில் மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்கு வந்த போதைப் பொருள் வழக்குகளை எடுத்துப் பார்த்தது. ஏறக்குறைய எல்லாமே சொந்த உபயோகத்துக்கான வழக்குகள். அவற்றிலும் பெரும்பகுதி கஞ்சா. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் சேரியிலோ நடைபாதையிலோ வசிக்கும் அன்றாடங்காய்ச்சிகள். குற்றத்தை ஒப்புக்கொண்டே தண்டனை வாங்கியவர்கள்.

2021-இல் சொகுசுக் கப்பல் வழக்கில் ஒரு பெரிய நடிகரின் மகன் ஏறக்குறைய நான்கு வாரம் காவலில் இருந்தார். அவரிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. மூத்த வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தில் வாதாடி ஜாமீன் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. நல்லது, அப்படித்தான் நடக்க வேண்டும். அவர் கபூல் சொல்லும் நிலையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், வழி அதே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், இது மாதிரிச் சின்ன வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது பிரிவு 64ஏ. தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்குப் பிரிவு 39 அதிகாரம் தருகிறது. லாக்கப்பில் இதை இவனுக்கு யார் சொன்னார்கள்? "கபூல் சொல்" என்பதை மட்டும் சொல்ல ஆள் இருந்தது. சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று சமூக நீதி அமைச்சகம் பரிந்துரைத்ததாக 2021-இல் செய்தி வந்தது. அது அப்படியே கிடக்கிறது. சிக்னல் தாண்டினால் அபராதம் கட்டுகிறோம், அதற்காக யாரும் நம்மைத் தண்டனைக் கைதி என்று எழுதி வைப்பதில்லை. இதையும் அப்படி வைத்தால் என்ன?

விண்ணப்பத்துக்கு வருகிறேன். "ஆம்" என்று போட்டால் வேலை கிடைப்பது கஷ்டம். "இல்லை" என்று போட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாக இன்னொரு வழக்கு. இதைத்தான் மெல்ல விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா முகம் தெளிந்து, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தார். நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய ரசீது. இரண்டு வருடம் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்.

"காசெல்லாம் கட்டியாகிவிட்டது அண்ணாச்சி, பாக்கி எதுவும் இல்லை. இதையும் சேர்த்து வைத்துவிடுங்கள்" என்றார். இரண்டு பிரதி எடுக்கச் சொன்னார்.