போனதற்கு எதற்கு நன்றி?

முந்தநாள் போன அந்த நேரலையைப் பற்றித்தான். பார்க்காத ஆள் என் நண்பர் பட்டியலில் இல்லை என்று நினைக்கிறேன். பாதிப்பேர் இதயம் வேறு போட்டிருக்கிறீர்கள். "அமெரிக்காவே 2021 ஜனவரி 6இல, தோத்தவரிட ஆக்கள் கொங்கிரசுக்குள்ள புகுந்து, நாறிப்போச்சு. எங்கட இலங்கையில தோத்த ஜனாதிபதியள் எல்லாரும் மரியாதையாக் கதிரையை விட்டுப் போயிருக்கினம். அதுக்கு நாங்கள் நன்றி சொல்லவேணும்" என்றார் அந்த ஐயா. 2015 தேர்தலில் தோற்ற ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச விடிவதற்குள் அலரி மாளிகையை விட்டுப் போனதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நான் கீழே ஒரு வரி எழுதினேன். உடனே ஒரு தம்பி: "அண்ணை, எதிலயாவது பிழை பிடிக்காட்டி உங்களுக்கு நித்திரை வராதோ?"

வராதுதான் தம்பி. அதனால் எழுதுகிறேன்.

தேர்தலில் தோற்றவர் பதவியை விட்டுப் போவது பெருந்தன்மை இல்லை. அது அவர் கடமை. குத்தகை முடிந்து வீட்டைக் காலி செய்தவனுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லையே. இவர்களுக்கு மட்டும் ஏன்?

"எல்லாரும்" என்ற அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். 2010 ஜனவரி 26 தேர்தலில் மகிந்தவிடம் தோற்றவர், போரை நடத்திய முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. ஜனாதிபதியாக இருந்தவர் இல்லைதான், ஆனால் தோற்றவர். முடிவை ஏற்கமாட்டேன் என்றார். அடுத்த நாள் அவர் தங்கியிருந்த கொழும்பு ஹோட்டலைச் சுற்றி இராணுவம் நின்றது. பெப்ரவரி 8ஆம் திகதி இராணுவப் பொலிசார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2012 மே மாதம்தான் வெளியே வந்தார். அவருக்காக அழ என்னிடம் கண்ணீர் இல்லை, ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கவும் தேவையில்லை. ஆனால் வென்றவர், தோற்றவரை இரண்டு கிழமைக்குள் சிறையில் போட்ட நாட்டைப் பற்றித்தான் ஐயா தழுதழுக்கிறார். போட்டவர் யார்? அதே அலரி மாளிகைக்காரர்.

இனி 2015. அந்த ஜனவரி 8 நான் வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்தல் கடமையில் இருந்தேன். முதல் நாள் இரவு வகுப்பறை வாங்குகளை இழுத்துச் சேர்த்துப் படுத்தோம், ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ஆமி வீதியை மறிக்கும், சனம் வராது, பெட்டி போய்ச் சேராது என்று விதவிதமான கதைகள். விடிய ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் கிழவிகள் வரிசை. ஒரு அம்மா சின்னி விரலில் பூசிய மையை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டு, "தம்பி, இதை உள்ளதாத்தானே எண்ணுவியள்?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? "ஓம் அம்மா" என்றேன். நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்து, கட்சி முகவர்கள் பெட்டியில் தங்கள் முத்திரையையும் வைத்த பிறகு, யாழ். மத்திய கல்லூரி வரைக்கும் எங்கள் தலைமை அலுவலர் பஸ்ஸில் அந்தப் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவேயில்லை. பிரஷர்காரர். வழியில் தண்ணீர் கொடுத்தோம், அதற்கும் மற்றக் கையைத்தான் நீட்டினார்.

நன்றி சொல்லவேண்டும் என்றால் அந்த மனிசனுக்குச் சொல்லுங்கள். நாடு முழுக்க வாக்குச்சாவடிகளில் அப்படி இருந்த ஆசிரியர்கள், கிளாக்குமார், கிராம சேவகர்களுக்குச் சொல்லுங்கள். வென்ற மைத்திரிபால சிறிசேனவின் 51.28 வீதம் என்ற எண்ணை மறைக்க முடியாதபடி எண்ணிவைத்தவர்கள் அவர்கள். எண்ணிக்கை சரியாக இருந்ததால்தான் மகிந்த போனார். போகாமல் இருக்க அன்றிரவு வழி தேடப்பட்டது என்று புதிய அரசாங்கத்தின் அமைச்சரே சி.ஐ.டி.யில் முறைப்பாடு கொடுத்தார். மகிந்த மறுத்தார். அது ஒரு முடிவுக்கும் வரவில்லை. சரி, விடுவோம். நிரூபிக்கப்படாததை நான் உண்மை என்று சொல்லப்போவதில்லை.

அதை விட்டாலும் 2018 இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஒக்டோபர் 26 பின்னேரம் ஜனாதிபதி மைத்திரி, இருக்கிற பிரதமர் ரணிலைத் தூக்கிவிட்டு, மகிந்தவுக்குப் பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார். பெரும்பான்மைக்கு வேண்டிய 113 பேர் சேரவில்லை என்றதும் நவம்பர் 9இல் வர்த்தமானி அடித்து நாடாளுமன்றத்தையே கலைத்தார். நாலரை வருசம் போகாமல் தன் பாட்டுக்குக் கலைக்க முடியாது என்று அப்போது நடைமுறையில் இருந்த அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் சொன்னது. அந்தத் திருத்தத்தைத் தன் சாதனை என்று சொல்லித் திரிந்தவரும் அவரேதான். நவம்பர் 16 அன்று சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் காவலோடு உள்ளே வந்தார். கதிரைகள் பறந்தன. "மரியாதையாக் கதிரையை விட்டுப் போயிருக்கினம்" என்றாரே ஐயா, கதிரையை விட்டெறிந்ததையும் சேர்த்துத்தான் சொன்னாரோ தெரியாது.

அதை நிறுத்தியது யாருடைய பெருந்தன்மை? டிசம்பர் 13, உயர் நீதிமன்றத்தில் ஏழு நீதியரசர்கள் ஒரே தீர்ப்பாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். இரண்டு நாளில் மகிந்த விலகினார். ஜனாதிபதி கோட்டாபய 2022இல் எப்படிப் போனார் என்று நான் சொல்லவே தேவையில்லை. மாலைதீவுக்கு விமானம், சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா. அதுவும் மரியாதைதான் போல.

"அண்ணை, மகிந்த 2015இல நினைச்சிருந்தால் ஆமியை இறக்கியிருக்கலாம், இறக்கேல்லையே" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். ஓம், இது யோசிக்கவேண்டிய கேள்விதான். கம்பியாவில் 2016இல் தோற்ற யஹ்யா ஜம்மே முதலில் தோல்வியை ஏற்று, பிறகு மாட்டேன் என்று குந்தினார். அயல்நாட்டுப் படைகள் வந்துதான் அவர் கிளம்பினார். அதோடு பார்த்தால் எங்கள் ஆட்கள் பரவாயில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்காக ஒருவருக்கு விழா எடுக்க என்னால் முடியாது.

"நீங்கள் திசைகாட்டி ஆள்", அதாவது தேசிய மக்கள் சக்திக் கட்சிக்காரர், என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. வேலையைப் பாருங்கள்.

இன்னொரு கேள்விதான் குத்தியது. "2018இல நீதிமன்றம் போய், ரணிலுக்குக் கை தூக்கி, ஜனநாயகத்தைக் காப்பாத்தினதால தமிழருக்கு என்ன கிடைச்சது?" ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயா மனுதாரர்களில் ஒருவர். தேர்தல் ஆணைக்குழு உறுப்பினராக இருந்துகொண்டே பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல் வழக்குப் போட்டார். டிசம்பர் 12இல் ரணிலுக்கு விழுந்த 117 வாக்குகளுக்குள் கூட்டமைப்பின் வாக்குகள் இல்லாவிட்டால் பெரும்பான்மையே இல்லை. இடையில் எங்கள் ஆள் ஒருவர் தாவிப் பிரதி அமைச்சரானதும் நடந்தது, அந்த வெட்கத்தையும் எழுதிவைக்கிறேன். புதிய அரசியலமைப்பு என்றார்கள், அது வரைபோடே செத்தது. இவ்வளவுக்கும் எங்களுக்கு ஒரு நன்றி சொன்ன நேரலை ஏதாவது உண்டா? தோற்றுப் போனவருக்குத் தழுதழுக்கிறவர்கள், காப்பாற்றியவர்களின் பெயரைக்கூட வாயில் எடுக்கவில்லை. அந்த ஐயா தமிழில்தான் கதைத்தார், அதுதான் எனக்கு ஆற்றாமை.

2024இல் தோற்ற ஜனாதிபதி ரணில் பண்பாகக் கையளித்தார் என்றும் ஒரு பாராட்டு. 17 வீதம் எடுத்து மூன்றாவதாக வந்தவர் வேறு என்ன செய்வார்? அதே ரணில் ஆட்சியில்தான் 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்றது. 2025 மே மாதம்தான் நடந்தது. தேர்தலையே வைக்காவிட்டால் தோற்கவும் தேவையில்லை, போகவும் தேவையில்லை, மிளகாய்த்தூள் செலவும் இல்லை.

எங்களுக்கு இது புதிதா? வடமாகாண சபையின் காலம் முடிந்தது 2018 ஒக்டோபரில், மைத்திரி அந்த வேலை பார்த்த அதே கிழமையில். கொழும்பில் நடந்தது உலகச் செய்தி. இங்கே நடந்தது ஒருவருக்கும் செய்தியில்லை. சண்டையில்லை, சத்தமில்லை, அவ்வளவு அமைதியாக அதிகாரம் ஆளுநரிடம் போனது. ஆட்சி மாறி ஆட்சி வந்தது, ஆளுநர் மாறி ஆளுநர் வந்தார், தேர்தல் மட்டும் வரவில்லை.

"இருந்த மாகாண சபையை வைச்சு என்னத்தைக் கிழிச்சவை?" என்று இப்போது தட்டச்சு செய்துகொண்டிருப்பவருக்கு: 2013இல் கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம் கொடுத்து அனுப்பினோம், பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லைத்தான். அதை வாக்குச்சீட்டில் கேட்கலாம் என்று அன்றிலிருந்து நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.