அந்த ஒன்பது மூட்டை

நம் ஊர் நூலகத்தில் பழைய பத்திரிகைகளை ஒன்பது மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டது இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேனில் மூட்டை ஏற்றிய படத்தையும் பார்த்திருப்பீர்கள். கோபத்தில் எழுதினால் யாரையாவது புண்படுத்திவிடுவேன் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நேற்று ராத்திரி அந்தப் படத்துக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எல்லாம் போன்லயே இருக்கே அக்கா, இந்தப் பழைய பேப்பரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாகவே சொல்கிறேன்.

எல்லாம் போனில் இல்லை, தம்பி.

அந்த ஒன்பது மூட்டையில் பாதிக்கு மேல் இசைப் பத்திரிகைகள். பட்டாபிராமன் 1983-ல் சென்னையில் ஆரம்பித்த 'ஸ்ருதி' என்ற இங்கிலீஷ் இசைப் பத்திரிகை, அதன் தொடக்க வருடங்களின் இதழ்கள் அநேகமாக முழுசாக இருந்தன. ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த, 'கிராமபோன்' என்ற இங்கிலாந்து இசைப் பத்திரிகைக் கட்டு ஒன்று. சங்கீத சபாக்கள் வெளியிட்ட மலர்கள். கம்ப்யூட்டர் மேசை போட இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் வரட்டும், பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். அதற்கு இதை அழித்துத்தான் ஆக வேண்டுமா?

நான் வயலின் வாசிப்பவள். பக்கவாத்தியக்காரி. போனில் ஒரு பழைய கச்சேரியைத் திறந்தால் பாடகர் பெயர் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார், எந்த சபா, எந்த வருடம் என்று தேடினால் பல பதிவுகளில் ஒரு வரி கிடையாது. இரண்டரை மணி நேரம் ஒருவர் கூடவே வாசித்திருப்பார், அவருக்குப் பெயரே இல்லை. பத்திரிகை விமர்சனத்தில் அந்தப் பெயர் இருக்கும். நன்றாக வாசித்தார் என்றோ, அன்றைக்கு ஒட்டவில்லை என்றோ ஒரு வரியாவது இருக்கும். திட்டியிருந்தாலும் பெயர் போட்டுத் திட்டியிருப்பார்கள். அந்த ஒரு வரியை வெட்டி சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அதுவா பழைய பேப்பர்?

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர், அதாவது இலையைத் தூளாக்கும் வேலையைப் பார்த்துக்கொள்பவர். இலை வரத்து அதிகமானால் ராத்திரி முழுக்க மிஷின் ஓடும், விடிகாலையில் தேயிலைத் தூசியோடு வருவார். மெட்ராஸில் மார்கழிக் கச்சேரி நடக்கும் நாட்களில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். சீசனுக்கு அவர் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. மற்ற வருடமெல்லாம் அவருக்கு சீசன் என்பது தபாலில் வந்த பத்திரிகைதான். அம்மா அடுப்படியில் இருப்பாள், இவர் வாசல்படியில் உட்கார்ந்து இங்கிலீஷில் இருப்பதைத் தமிழாக்கித் தமிழாக்கி வாசிப்பார். இன்னார் தோடி ராகத்தை இப்படி ஆரம்பித்தார், வயலின்காரர் இப்படிப் பதில் கொடுத்தார், மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்தில் கூட்டம் எழுந்து போகவில்லை... நாங்கள் மூன்று பேரும் அந்தக் கச்சேரியைக் கேட்டதே கிடையாது. ஆனாலும் எங்களுக்குத் தெரியும். அப்புறம் என்றைக்காவது திருச்சி வானொலியில் அதே பாடகர் வந்தால், "இதைத்தான் எழுதியிருந்தாங்க, கேளு கேளு" என்பார். முதலில் படிப்பது, பிறகு காத்திருப்பது, அப்புறம் கேட்பது. எனக்குக் காது வந்தது அப்படித்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுத்தாளர் கல்கி, ஆனந்த விகடனில் சங்கீத விமர்சனம் எழுதிய காலத்திலேயே, சபாவை எட்டிக்கூடப் பார்க்காத எத்தனையோ ஊர்களில் ஜனங்கள் அதை வாசித்தார்கள். மெட்ராஸுக்கு வெளியே இருப்பவனுக்குப் பத்திரிகைதான் சபா. மலைமேல் இருப்பவனுக்கு இன்னும் அதிகமாக. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம் எங்கள் பக்கம் கரன்ட் இல்லை, டவர் இல்லை. போன் வெறும் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு பழைய இதழ்களைத்தான் படித்தோம்.

இனி, நீங்கள் கேட்கப்போவது தெரியும்.

ஸ்கேன் பண்ணி வைத்தால் போதாதா? போதும்! ஸ்கேன் பண்ணிவிட்டு விற்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். 1923-லிருந்து வரும் 'கிராமபோன்' தன் பழைய இதழ்களைக் கணினியிலும் வைத்திருக்கிறது, காகிதத்திலும் இன்று வரை அச்சடிக்கிறது. அவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டுதான் இன்னொன்றைச் செய்தார்கள். நம் நூலகத்தில் ஒரு பக்கத்தையாவது படம் எடுத்தார்களா? எடுக்கவில்லை. "எல்லாம் நெட்ல இருக்கும்" என்ற நம்பிக்கையிலேயே மூட்டை கட்டிவிட்டார்கள்.

அந்த நெட் எத்தனை நாள் இருக்கும்? மைஸ்பேஸ் என்ற இணையதளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாட்டுகள், ஐந்து கோடிக்கும் மேல், சர்வர் மாற்றும்போது போய்விட்டன. 2019-ல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். எம்டிவி நியூஸ் என்ற இசைச் செய்தித் தளம் 2024-ல் ஒரே நாளில் இழுத்து மூடப்பட்டது. இருபது வருடத்துக்கு மேலாக எழுதியவர்கள், தாங்கள் எழுதியதையே தேடிக்கொண்டு நின்றார்கள். 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கணக்குச் சொல்கிறது. அப்பா வாங்கிய 1983 இதழ் போன வாரம் வரை நூலக அலமாரியில் இருந்தது.

அச்சுப் பத்திரிகைக் காலமே முடிந்துவிட்டது என்பார்கள். லண்டனில் 'க்யூ' என்ற இசைப் பத்திரிகை 2020-ல் நின்றது உண்மை. அது எனக்கும் வருத்தம்தான். 2018-ல் அச்சை நிறுத்திய 'என்எம்இ' என்ற இன்னொரு இசைப் பத்திரிகை 2023-ல் திரும்ப அச்சுக்கு வந்ததும் உண்மைதானே?

மரத்தை வெட்டித்தானே காகிதம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அச்சடித்து நாற்பது வருடம் ஆன புத்தகத்தை எடைக்குப் போட்டால் எந்த மரமும் திரும்ப முளைக்காது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மலைக் குளிரில் காகிதம் பூஞ்சை பிடிக்கும் என்பது மட்டும் நியாயமான பேச்சு. ஒத்துக்கொள்கிறேன். ஜூன், ஜூலை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், அட்டை நெளிந்துபோகும், பக்கம் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா தை, மாசி வெயிலில் கட்டுக் கட்டாகக் கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காயவைப்பாள். அலமாரியில் பாச்சா உருண்டை, பஞ்சில் நாலு சொட்டு நீலகிரித் தைலம். எங்கள் வீட்டு 'ஸ்ருதி'க்கு அந்தத் தைல வாசம் உண்டு. எட்டாவது வரை படித்த என் அம்மா, வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் பத்திரிகையை அப்படிக் காப்பாற்றினாள். நூலக நிர்வாகத்தில் இருக்கும் படித்தவர்களால் முடியவில்லை.

"யாரும் எடுத்துப் படிக்கவில்லை, ரெஜிஸ்டரைப் பாருங்கள்" என்றார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டு எத்தனை வருடம்? சாவி யாரிடம் இருந்தது? மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் "அடுத்த வாரம் வாங்க". பூட்டி வைத்துவிட்டு யாரும் படிக்கவில்லை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? என்னிடம் வயலின் படிக்கும் பன்னிரண்டு வயதுப் பெண், என் வீட்டில் கிடந்த இதழில் ஒரு வித்வானின் பேட்டியை வகுப்பு முடிந்தும் போகாமல் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்துவிட்டு, "இவர் வாசிச்சதை எங்க கேக்கலாம் டீச்சர்?" என்றாள். அப்போதுதான் போனை எடுத்துத் தேடினோம். போனுக்கு நான் எதிரி இல்லை. எதைத் தேட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னது காகிதம்.

அந்த இதழ்களை நூலகத்துக்குக் கொடுத்தது என் அப்பா. ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, "வீட்ல வச்சா நாலு பேர் படிப்போம், அங்க வச்சா ஊரே படிக்கும்" என்று சொல்லி, ஜீப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கினார். பல பக்கங்களின் ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து இருக்கும். ராகம் பெயர், வானொலியில் கேட்ட தேதி, சில இடத்தில் "தவறு" என்று ஒரு சொல். எந்த போனில் இருக்கிறது அது?

நேற்று கீழ் பஜார் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். "நேத்தே லோடு மேட்டுப்பாளையம் இறங்கிருச்சே அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் துழாவி மூன்று இதழ் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. இப்போது அடுப்புப் பக்கம் காய்கின்றன.

1991-ல் 'ஸ்ருதி'யில் அப்பா எழுதிய வாசகர் கடிதம் ஒன்று வந்தது. மூன்று ராத்திரி அகராதியை வைத்துக்கொண்டு எழுதினார். அரைப் பத்தி. கீழே அவர் பெயர், அடுத்து கோத்தகிரி. எந்த மாதம் என்று எனக்கு நினைவில்லை. அவரும் இப்போது இல்லை. அந்த வருடத்து இதழ்கள் யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொடுக்க வேண்டாம். வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.