பீங்கான் தட்டுக் கடையில் பண்பாடு

கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில் யாராவது ‘அரை நாள் பண்பாட்டுச் சுற்றுலா’ என்று ஆசை காட்டினால், கடையில் எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள் என்று முதலில் கேளுங்கள். ரோட்ஸ் நகரத்திலிருந்து, சுற்றுலா போகும் லிண்டோஸ் ஊர் சுமார் 50 கிலோமீட்டர். பேருந்திலேயே பாதிப் பொழுது போய்விடும். மிச்சத்தில் ஒரு பீங்கான் பட்டறை வேறு. ஒருவர் சக்கரத்தில் கொஞ்சம் களிமண் சுற்றிக் காட்டுவார். அப்புறம் பக்கத்துக் கதவைத் திறந்தால், சுவர் முழுக்க விலைச்சீட்டு ஒட்டிய தட்டுகள். அங்கே மட்டும் வழிகாட்டி கடிகாரத்தையே பார்க்க மாட்டார்.

லிண்டோஸின் அக்ரோபோலிஸுக்கு, அதாவது பாறைமேல் இருக்கும் பழங்காலக் கோட்டைக்கு வந்ததும் “சீக்கிரம், சீக்கிரம்!” 116 மீட்டர் உயரப் பாறை, மண்டையைப் பிளக்கும் வெயில். செங்குத்துப் படிகளின் அடியில், பாறையிலேயே ஒரு போர்க்கப்பலின் பின்பகுதியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கி.மு. 180 வாக்கில் செய்தது. அந்த வளைவை நின்று பார்க்கவே இவ்வளவு தூரம் வரலாம். எங்கள் வழிகாட்டியோ குடையை அந்தப் பக்கம் ஒருமுறை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டார்! உச்சியில் அதீனா கோயிலிலும் அதே ஓட்டம்தான். ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்ப வேண்டுமாம். சாப்பாட்டை யார் கேட்டது?