அம்மியில தண்ணி ஊத்திப் பாருங்கண்ணே

யானைமலையைப் பின்னாடி வச்சு எடுத்த அந்த வீடியோவை இதோட பதினோரு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. போதும். "மதுரைக்கு அடியில கரியமில வாயுவை அடைக்கப் போறாங்க, ஒரு நாள் வெடிச்சா ஊரே தூக்கத்துல போயிரும்." பின்னணியில உடுக்கைச் சத்தம் வேற. கீழே ரெண்டு வரி எழுதினேன். கிடைச்ச பட்டம்: கம்பெனிக் கைக்கூலி. கூலியை எந்தக் கவுண்டர்ல குடுக்கிறாங்கன்னும் சொன்னா போய் வாங்கிக்கிறேன்.

ஆலைப் புகையில பிடிச்ச கரியமில வாயுவை அடைக்கிறதுன்னா பழைய எண்ணெய் வயல் மாதிரி இடத்துலதான். எண்ணெய் வயல்ங்கிறது குகை இல்ல. தொட்டி இல்ல. கல்லு. வீட்டுல அம்மி கிடந்தா ஒரு கை தண்ணி ஊத்துங்க, வழிஞ்சு ஓடிரும். அதையே சுட்ட செங்கல்ல ஊத்துங்க. சுர்ருன்னு குடிக்கும், பொடிப்பொடியா குமிழ் விடும். உள்ள இருந்த காத்தைத் தள்ளிட்டுத் தண்ணி போய் உக்காருது. எண்ணெய் இருக்கிற மணற்கல் அந்தச் செங்கல் மாதிரி. பருமன்ல 10 முதல் 25 சதவீதம் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத துளை. அதுக்கு மேல எதையும் விடாத களிப்பாறை மூடி. யானைமலையும் திருப்பரங்குன்றமும் நம்ம வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில இருக்கிறதும் அம்மி வகையறா. துளையே இல்லாத கல்லுல எதை அடைக்க? மானாமதுரை, பரமக்குடின்னு கிழக்க போகப் போகத்தான் படிவுப் பாறையே வரும்.

அரிட்டாபட்டிக்கு அப்புறம் எதைக் கேட்டாலும் நமக்குப் பதறுது, அது புரியுது. 2025 ஜனவரியில ரத்தாகுற வரைக்கும் ஊர் கத்துனது நியாயம், ஏன்னா அங்க டங்ஸ்டன் சுரங்க ஏலம் உண்மை. இங்க உண்மையா இருக்கிறது உடுக்கை மட்டும்தான்.

"சரி, வாயுதானே, மேல வராதா?"ன்னு கேட்ட தம்பிக்கு. மாசி வீதியில சோடாக் கடை சிலிண்டர் ஒண்ணைப் பாருங்க. கரியமில வாயு 31 டிகிரியும் 74 பார் அழுத்தமும் தாண்டிருச்சுன்னா வாயுவும் இல்ல, திரவமும் இல்ல, ரெண்டுங்கெட்டான். லாரி டயர் காத்தைப் போல ஒம்பது மடங்கு அழுத்தம் அது. சித்திரை வெயில்ல அந்த சிலிண்டருக்குள்ள இருக்கிறதே இந்த நிலையிலதான். பூமிக்குள்ள 800 மீட்டருக்குக் கீழ போனா தானா அப்படி ஆயிரும். மேல 500 கன மீட்டருக்கு மேல இடம் பிடிக்கிற ஒரு டன், அங்க 2 கன மீட்டர் அளவுல சுருங்கி உக்காரும். கொஞ்சம் துளைகள்லயே மாட்டிக்கும், கொஞ்சம் உப்புத் தண்ணியில கரையும், ரொம்ப மெதுவா கொஞ்சம் கல்லாவே மாறும். நார்வேக்காரன் 1996ல இருந்து ஸ்லைப்னர்ங்கிற எரிவாயு வயல்ல கடலுக்கு அடியில உப்புத் தண்ணி மணற்கல்லுல இதைத்தான் செய்றான்.

உடனே நியோஸ் ஏரியை இழுக்கிறாங்க. 1986, கேமரூன், 1,700 பேர் வரைக்கும் செத்தாங்க. அது ஏரிண்ணே. அடித்தண்ணியில கரைஞ்சு கிடந்த வாயு புரண்டு மேல வந்துச்சு. அதுக்கு மூடி வெறும் தண்ணி. ஒரு கிலோமீட்டர் பாறையும் ஒரு ஏரியும் ஒண்ணுன்னா நான் வாதாடல.

அமெரிக்காவுல சட்டார்ஷியா கதையைச் சொன்னவரு மட்டும் படிச்சுட்டு வந்திருக்காரு. 2020 பிப்ரவரி, மிசிசிப்பி. மழையில மண்ணு சரிஞ்சு கரியமில வாயு போற குழாய் அத்துப்போச்சு. காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம்ங்கிறதால பள்ளத்துல தேங்குச்சு, ஆக்சிஜன் இல்லாம காரெல்லாம் நடுரோட்டுல நின்னுருச்சு, 45 பேர் ஆஸ்பத்திரியில. உண்மை. ஆனா அத்தது குழாய், பாறை இல்ல. நான் சொல்ல வர்றதே அதுதான். பயப்பட வேண்டியது பாறைக்கு இல்ல, மனுசன் போட்ட ஓட்டைக்கு.

வாயுவை முதல்ல காய வைக்கணும், ஈரம் துளி இருந்தா கார்பானிக் அமிலமாகி சாதா இரும்புக் குழாயை வருசத்துக்கு மில்லிமீட்டர் கணக்குல தின்னும். அதனாலதான் ஈரம் படுற இடத்துல 13 சதவீதம் குரோமியம் கலந்த குழாய். அப்புறம் 100, 150 பாருக்கு அழுத்தி கிணத்துல இறக்கணும். கிணத்துக்குள்ள ஒரு குழாய், அதைச் சுத்தி வெளிக் குழாய், நடுவுல அடைப்பு போட பேக்கர். பேக்கர் ரப்பர்ல வாயு ஊறி இருக்கும். அழுத்தத்தைப் படக்குன்னு இறக்கினா உள்ளுக்குள்ளயே பொங்கி ரப்பர் கொப்புளிச்சுக் கிழியும். எண்ணெய் எடுத்து அழுத்தம் செத்த வயல்ல வேகமா விட்டா விரிஞ்சு குளிர்ந்து, துளையில இருக்கிற தண்ணியோட சேர்ந்து பனிக்கட்டி மாதிரி அடைச்சுக்கும். அதிகமா அழுத்தினா மூடிப் பாறை விரியும். அல்ஜீரியாவுல இன் சாலாங்கிற எரிவாயு வயல்ல மூடிப் பாறை மேல சந்தேகம் வந்து, கரியமில வாயுவை உள்ள விடுறதை 2011ல நிறுத்தினாங்க. தரை மில்லிமீட்டர் கணக்குல மேல எழும்புனதை சேட்டிலைட் பாத்துச்சு.

இதெல்லாம் புதுக் கிணறு. பழைய கிணறு? வெளிக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவுல சிமெண்ட் பாலை ஏத்துவாங்க. குழாய் நடுவுல நிக்காம ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அந்தப் பக்கம் துளையிடும் சேறு வெளியேறாது, சிமெண்ட்டும் புகாது. மேல இருந்து அடி வரைக்கும் ஒரு வாய்க்கால் நிக்கும். கோடி வருசம் எண்ணெயைப் பிடிச்சு வச்ச மூடியில நாம நூறு இடத்துல குத்தியிருக்கோம். அமெரிக்காவுல அந்தக் காலத்துக் கிணறுகளை மரக்கட்டையும் குப்பையும் போட்டு அடைச்சிருக்கான். இதைப் பத்தி வீடியோ எடுங்கப்பா, நானே உடுக்கை அடிக்கிறேன்.

இப்போ எதிர்ப்பக்கம் கைதட்டுற ஐயாமாருக்கு. எண்ணெய்க் கம்பெனி வாயுவை உள்ள விடுறது புண்ணியத்துக்கு இல்ல. அது எண்ணெய்ல கலந்து அதை இளக்கி வெளிய தள்ளும், 1972ல இருந்து டெக்சாஸ்ல நடக்கிற வேலை. ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 0.3 டன் போல உள்ள போகும், அந்தப் பீப்பாயை எரிச்சா 0.43 டன் வெளிய வரும். கணக்குப் போட்டுக்கங்க. அதுலயும் அங்க விடுற வாயுல பெரும்பங்கு கொலராடோ, நியூ மெக்சிகோவுல பூமிக்கு அடியில இருந்தே எடுத்தது. அங்க தோண்டி இங்க புதைச்சுட்டு அதுக்குப் பேரு சேமிப்பாம்! சுத்தமா புதைக்கிற கிணத்துக்கு அமெரிக்க விதி 50 வருசம் கண்காணிக்கச் சொல்லுது. எண்ணெய் எடுக்கிற கிணத்துக்கு அந்தக் கண்டிப்பு இல்ல. இதைச் சொன்னா அந்தப் பக்கம் நான் 'வளர்ச்சிக்கு எதிரி'. ஒரே வாரத்துல ரெண்டு பட்டம்.

தூத்துக்குடியில ஒரு ஆலை 2016ல இருந்து நிலக்கரிக் கொதிகலன் புகையில இருந்து வருசத்துக்கு 60,000 டன் பிடிச்சு சோடா ஆஷ்ங்கிற சோடா உப்பு ஆக்குற மாதிரி ஏற்பாடு பண்ணுச்சு. நல்ல வேலைதான். ஆனா 1,000 மெகாவாட் அனல் நிலையம் ஒண்ணு விடுறது வருசத்துக்கு 60 லட்சம் டன் போல. நூத்துல ஒண்ணு. மிச்சம் தொண்ணூத்தொம்பதை எங்க வைக்கன்னு கேக்கிறவனை ரெண்டு பக்கமும் திட்டுங்க.

மணப்பாறைப் பக்கம் 2019ல மூடாத போர்வெல்ல குழந்தை விழுந்தப்ப இதே ஊரு நாலு நாள் டிவி முன்னால அழுதுச்சு. அதுக்கப்புறம் உங்க தெருவுல, உங்க வயல்ல வத்திப்போன போர் எத்தனைக்கு மூடி இருக்கு? சாக்கைக் கட்டி மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சிருக்கோம். நரிமணத்துல, பெரியபட்டினத்துல எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து முடிச்ச கிணறுகளை யாரு, எத்தனை அடிக்கு, எந்தச் சிமெண்ட்டால அடைச்சாங்க, அதை யாரு அழுத்தம் குடுத்துப் பாத்தாங்கன்னு அந்த வீடியோத் தம்பி தகவல் உரிமையில ஒரு மனு போடட்டும். பத்து ரூபா கட்டணம் நான் தர்றேன், கைக்கூலிப் பணத்துல.