திருவிழா கிட்ட வந்தால் கோயில் சுவரைக் கொத்தாதீர்கள்

திருகோணமலையில் பழைய கிறிஸ்தவக் கோயில்களுக்கு மழையாலும் கடல் காற்றாலும் வரும் கேட்டைவிடக் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முந்தி வரும் கேடுதான் பெரிது. காசு சேரும், மேசன்மார் வருவார்கள், சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி விழுத்திவிட்டுச் சீமெந்து பூசுவார்கள். திருவிழாவன்று சுவர் பளபளக்கும். இரண்டு மூன்று மாரி போனால் பூச்சு பொருமி, தகடு தகடாக விழும். பழி கடல் உப்பில். அந்த உப்பு கோயில் கட்டின நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது ஐயா, புதிதாக வந்தது சீமெந்து.

கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டின சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் படை கிடையாது. ஐப்பசியில் மழை தொடங்கினால் நிலத்து ஈரம் உப்பையும் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் கச்சான் அடிக்கும் மாதங்களில் அந்த ஈரம் பூச்சு வழியாகவே காய்ந்து போகும். சீமெந்தும் மேலே இனாமல் பெயின்றும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். தரைக்கு டைல்ஸ் பதித்தால் நிலத்தின் ஈரமும் சுவரைத்தான் தேடும்.

போவது பூச்சு மட்டுமல்ல, சாட்சியும்தான். எங்கள் ஊரில் பல கோயில்களுக்குப் ‘போர்த்துக்கேயர் காலத்தது’ என்று ஒரு பேச்சு உண்டு. கணக்கைப் பாருங்கள். போர்த்துக்கேயர் 1620களில் சிவன் கோயிலான கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். (இங்கே கிறிஸ்தவக் கட்டட வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.) 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பதையே தடை செய்தார்கள். அந்தத் தடைகளை நீக்கியது ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட், 1806இல். இடையில் கத்தோலிக்கர் பகிரங்கமாகக் கல்லில் கோயில் எழுப்ப எங்கே வழி? பக்தி அந்தக் காலத்தது ஆகலாம், சுவர் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. புனித மரியாள் பேராலயத்துக்குச் சொல்லப்படும் ஆண்டும் 1852தான். அப்போது அது பேராலயமும் அல்ல, திருகோணமலை மறைமாவட்டம் பிறந்ததே 1893இல்.

ஆகவே காலத்தைச் சொல்ல வாசல் கல்வெட்டு மட்டும் போதாது. அது திருத்தவேலை செய்த ஆண்டாகவும் இருக்கலாம். சாந்தில் சிப்பித் துண்டு இருக்கிறதா, சுவர் எத்தனை அங்குலத் தடிப்பு, பழைய வாசலை அடைத்த வளைவின் தடம் எங்கே என்று பூச்சுக்குள்தான் தேட வேண்டும். அதையே கொத்தி எறிந்துவிட்டு ஆண்டு விழா மலர் போட்டு என்ன பயன்?

சட்டமும் பெரிய காவல் இல்லை. தொல்பொருள் சட்டம் புராதனச் சின்னம் என்று எடுத்துக்கொள்வது 1815 மார்ச் 2க்கு முந்தியதை. அதற்குப் பிந்திய கோயிலைத் தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. ஆனால் தொல்லியல் திணைக்களம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு வயிறு கலங்கும், காணியே கைவிட்டுப் போகும் என்ற பயம். அதனால் பொறுப்பு பங்குச் சபையின் தலையில்தான்.

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் நாலு சுவரையும் உள்ளும் புறமும் அடிக்கோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு கூரை, பீலி, வடிகால். மேலே ஒழுக்கு நிற்காமல் கீழே பூசுவது வீண்செலவு. மரச் சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனையில்தான் முதலில் உக்கும், திருப்புளியால் குத்திப் பாருங்கள். சீமெந்துப் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் மூன்றடி வரை மெதுவாக எடுத்து, சுவரை ஒரு முழு வெயில் காலம் வெறுமனே காய விடுங்கள். மேலே பூக்கும் உப்பை உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். ஒரு பங்கு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடற்கரை மணல் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். ஒரு படை அரை அங்குலத்துக்கு மிஞ்சாமல் பூசி, ஈரச் சாக்குப் போட்டு வெயிலிலிருந்து மறைத்து வையுங்கள். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். கடைசியில் பெயின்ற் வேண்டாம், தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பு நாலைந்து தரம் அடித்தால் போதும்.

‘பிடிக்க ஒரு கை சீமெந்து சேர்ப்போம்’ என்று மேசன் கேட்பார். அங்கேதான் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சேமக்காலைக்கும், அதாவது கல்லறைத் தோட்டத்துக்கும், இதே புத்திதான் வேண்டும். புனித ஸ்தேவான் சேமக்காலையில், 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரினின் கல்லறை இருக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. இப்படியான பழைய கல்லறைகளின் பளிங்கில் அசிட் ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் பாசியோடு எழுத்தும் போய்விடும். தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். வாசிக்க முடியாத கல் என்றால் காலை ஏழு மணிக்கு முன், வெயில் கல்லில் பக்கவாட்டாகச் சாய்ந்து விழும்போது படம் எடுங்கள், பாதி எழுத்தாவது தெரியும்.