சிகாகோ டிஃபெண்டர் பார்த்த பிரேசில்

1923இல் சிகாகோ டிஃபெண்டர் என்கிற அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் அபாட் பிரேசில் போய்வந்து, அங்கே நிறத்தை வைத்து யாரையும் ஒதுக்குவதில்லை என்கிற தொனியில் எழுதித் தள்ளினார். இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் "மனிதர் ஏமாந்துவிட்டார்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

அவர் எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்று பாருங்கள். 1919இல் சிகாகோவில், மிச்சிகன் ஏரியில் நண்பர்களோடு மிதவையில் விளையாடிக்கொண்டிருந்த 17 வயதுக் கறுப்பினப் பையன் யூஜின் வில்லியம்ஸ் வெள்ளையர் குளிக்கும் பக்கம் போய்விட்டான் என்று ஒருவன் கல்லெறிய, பையன் மூழ்கிச் செத்தான், கல்லெறிந்தவனைப் போலீஸ் கைது செய்யவில்லை, அதில் வெடித்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். தெற்கு மாநிலங்களில் டிஃபெண்டரை வெளிப்படையாக விற்கவே முடியாமல் ரயிலில் வேலை பார்த்த கறுப்பின போர்ட்டர்கள்தான் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வாசகருக்கு "இன்னொரு நாட்டில் இப்படி இல்லை" என்று காட்டுவதே ஓர் ஆயுதம். அபாட் பிரேசிலைப் பற்றி எழுதினாலும் அடி அமெரிக்காவுக்குத்தான்.

சரி, ஆனால் அந்த ஆயுதத்துக்கு விலை கொடுத்தது யார்? அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக, 1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு பிரேசில். 1921இல் அமெரிக்கக் கறுப்பர்கள் அங்கே நிலம் வாங்கிக் குடியேறப் பார்த்தபோது விசா தராதீர்கள் என்று தன் தூதரகங்களுக்குச் சொன்னதும் அதே அரசுதான். 1924இலிருந்து சாவோ பாலோவில் ஜோசே கொரேயா லெய்ட்டி போன்ற கறுப்பினத்தவர்கள் 'ஓ கிளாரிம் த அல்வொராத' என்று சொந்தமாகப் பத்திரிகை நடத்தி, தங்களை ஒதுக்குவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு டிஃபெண்டரும் கிளாரிமும் ஒன்றுக்கொன்று பிரதிகள் அனுப்பிக்கொண்டன! அப்படியிருந்தும் அந்த நாட்டுக் கறுப்பர்களின் சொல்லைவிடப் போய்வந்தவரின் சொல்தான் எடுபட்டது, என் கோபமெல்லாம் அதில்தான்.

கறுப்பினப் பத்திரிகைகளே அப்புறம் இதைத் திருத்தவும் செய்தன, அதையும் சொல்லியாக வேண்டும். 1940இல் 'ஆஃப்ரோ-அமெரிக்கன்' என்கிற பத்திரிகையின் நிருபர் ஆலி ஸ்டூவர்ட் ரியோவில் ஹோட்டல் அறைக்கு அலைந்து, மறுக்கப்பட்டதை அப்படியே எழுதினார். 1950இல் அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹமுக்கு சாவோ பாலோ ஹோட்டல் ஒன்று இடம் தராதது பெரிய விவகாரமானது, மறு வருடமே இனப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்தது. லெய்ட்டியும் அவர் கூட்டாளிகளும் கால் நூற்றாண்டாக எழுதியதற்கு அசையாத நாடாளுமன்றம், வெளிநாட்டுப் பிரபலம் ஒருவர் வாசலில் நிறுத்தப்பட்டதும் அசைந்தது.