பூஜ்யம் கட்ட மூன்று ராத்திரி

என் வீட்டுக்காரி அமெரிக்கக் குடியுரிமைக்காரி. பினாங்கில் பாடம் சொல்லிக் கொடுத்து ரிங்கிட்டில் சம்பளம் வாங்கினாலும், அந்த நாட்டுக்கும் வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். சரி, சட்டம் அப்படி. என் கோபம் அந்த வரி மென்பொருள் மேல்தான்.

சம்பளம் என்று தட்டியதும், அமெரிக்க முதலாளிகள் கொடுக்கும் சம்பளப் பாரமான டபிள்யூ-2வைக் கேட்கிறது. இங்கே மலேசியாவில் கொடுப்பதோ இஏ பாரம். விடுமா? முதலாளியின் ஒன்பது இலக்க அமெரிக்க எண் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. இங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு அது எங்கிருந்து வரும்? எந்த மாநிலம் என்று வேறு கேள்வி. பினாங்கும் மாநிலம்தான் ஐயா, உன் பட்டியலில்தான் இல்லை! வெளிநாட்டுச் சம்பளத்துக்கான இடம் 'இதர வருமானம்' என்ற பகுதியில் எங்கோ மூலையில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு ராத்திரி, நான்கு 'கோப்பி ஓ' (பால் சேர்க்காத காப்பி).

அப்புறம் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வரிவிலக்குக் கேட்கும் 2555 பாரம். 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தாளா என்று எண்ண, பழைய விமான டிக்கெட்டுகளை மின்னஞ்சலில் தோண்டினேன். 2025ஆம் ஆண்டுக்கு 130,000 டாலர் வரை விலக்கு உண்டு. அவள் சம்பளம் அதன் பக்கத்தில்கூட வராது. கடைசியில் திரையில் வந்தது: கட்ட வேண்டிய வரி 0.

எட்டிப் பார்த்தவள் கேட்கிறாள், "இதுக்கா இவ்வளவு சத்தம் போட்டீங்க?"